ஒரு மூடி பெற்றோல், மிச்சமெல்லாம் மண்ணெண்ணெய்

வவுனியா நகரத்தை விட்டு ஏ-9 வீதியில் வடக்கே போனால் முதலில் தாண்டிக்குளம், பிறகு நொச்சிமோட்டை, அதற்கப்பால் ஓமந்தை. பஸ்ஸில் போகிறவருக்கு அரை மணித்தியாலம்கூட ஆகாது. யன்னலோரம் இருக்கிறவர்களும் ஓமந்தையில் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. வயல், குளம், பனை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு புகையிரத நிலையம், சில கடைகள். 2015இல் சோதனைச் சாவடியை எடுத்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இது இன்னொரு பஸ் தரிப்பிடம், அவ்வளவுதான்.

நான் பஸ்ஸில் போகவில்லை. நண்பரின் தமையனார் ஒருவர் கிளிநொச்சியில் நடக்கும் கலியாணம் ஒன்றுக்குத் தன் ஒஸ்ரின் ஏ-40 சோமசெட்டை மாப்பிள்ளைக் காராகக் கொண்டுபோகிறார் என்று கேள்விப்பட்டேன். "அண்ணை, நானும் ஏறட்டோ?" என்று கேட்டதற்கு, "ஏறும். ஆனா அவசரப்படுத்தக் கூடாது" என்றார்.

சோமசெட் 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வண்டி. 1200 சி.சி. எஞ்சின், நாலு சிலிண்டர். கியர்த் தடி ஸ்ரியரிங்கோடு ஒட்டியிருக்கும்; முன் இருக்கை ஒரே நீள வாங்கு. உடம்பெல்லாம் உருண்டை, ஓரிடத்திலும் கூர் இல்லை. அண்ணை ஐம்பதுக்கு மேல் விடுவதில்லை. நெல்லு லொறி, ஹயஸ் வான், உழவு இயந்திரம் எல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போயின. முந்தும்போது எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கையும் காட்டினார்கள்.

தாண்டிக்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது பொனற்றைத் திறந்து காட்டினார். எஞ்சினுக்குப் பின்னால், தகட்டுச் சுவரில், தகரத்தால் அடித்து ஈயம் வைத்து ஒட்டிய ஒரு சின்னத் தாங்கி. அடியில் பித்தளைக் குழாய்ப்பூட்டு. அதிலிருந்து கார்பரேற்றர் வரைக்கும் போயிருந்த ரப்பர்க் குழாய் இப்போது இல்லை. "இதுதான் பெற்றோல் தாங்கி. பின்னால இருக்கிற பெரிய தாங்கிக்கை மண்ணெண்ணெய். இப்ப வேலை இல்லை. கழட்ட மனம் வரேல்லை." அதைச் செய்துகொடுத்தவர் இன்னும் ஓமந்தையில் இருக்கிறாராம். போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். உண்மையில் நான் ஏறியதே அதற்காகத்தான்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. டீசல், சீமெந்து, பற்றரி என்று அரசின் தடைப் பட்டியல் நீண்டது. மின்சாரமும் போனது. மண்ணெண்ணெய் மட்டும், விளக்கெரிக்க என்று சங்கக்கடையில் அளந்து வந்தது, அதுவும் போதாமல். எண்ணெய் மிச்சம் பிடிக்கத்தான் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, ஒரு சொட்டு எண்ணெய், ஒல்லித் திரி என்று விளக்குச் செய்து அதன் முன் இருந்து பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். வாகனம் ஓடியதும் இதே எண்ணெயில்தான். மண்ணெண்ணெய்க் காரைப் பற்றிப் பெருமை பேசும்போது பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். காருக்குள் ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் எங்கோ ஒரு வீட்டு விளக்குக்குப் போயிருக்க வேண்டியது.

ஓமந்தைக்கு வந்து பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பினோம். கராச் என்று சொல்வதற்கு நாலு கப்பு, மேலே தகரம், ஒரு பாலைமரத்து நிழல். ஐயா சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தண்ணி மெசினைப் பிரித்துப் போட்டிருந்தார். காரின் சத்தத்தைக் கேட்டதும் நிமிர்ந்து பார்க்காமலே, "மூண்டாம் பிளக்கைப் பார்க்க வேணும்" என்றார். அண்ணை சிரித்தார்.

மண்ணெண்ணெய்க்கு மாற்றிய விதத்தைக் கேட்டேன். கையைத் துடைத்துவிட்டு, கீழே கிடந்த மெசினையே காட்டினார். "இதிலதான் படிச்சது தம்பி. வெங்காயத் தோட்டக்காரனுக்கு இது புதுசில்லை. மெசினிலை ரண்டு தாங்கி இருக்கு. சின்னதிலை பெற்றோல், பெரிசிலை மண்ணெண்ணெய். பெற்றோலிலை அடிச்சு ஸ்டார்ட் பண்ணி, சூடானாப் பிறகு பூட்டைத் திருப்பிவிடுறது. காருக்கும் அதைத்தான் செய்தனாங்கள்."

இந்தச் சின்ன விளக்கத்துக்காக நான் எத்தனையோ பேரிடம் அலைந்திருக்கிறேன். தடை வந்ததும் வடக்கின் மெக்கானிக்மார் ஏதோ ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் எல்லோரும் கதை சொல்வார்கள். தோட்டத்தில் ஏற்கெனவே இருந்ததைத் தூக்கி வீதியில் விட்டார்கள் என்பதே சரி. கடற்கரையிலும் அதே அறிவு இருந்தது. மீனவரின் வெளியிணைப்பு எஞ்சின்களில் பெரும்பகுதி மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஜப்பான் கொம்பனிகள் அப்படியே செய்து விற்கின்றன. கிணற்றடியும் கரைவலையும் அறிந்த ஊருக்குக் கார் எஞ்சின் தூரமான பொருளல்ல.

எனினும் தண்ணி மெசின் மண்ணெண்ணெய்க்கென்றே செய்யப்பட்டது. கார் அப்படியல்ல. அங்கேதான் ஐயாவின் கைவேலை தொடங்குகிறது.

பெற்றோல் நாற்பது பாகை உறைகுளிரிலும் தீப்பிடிக்கும் ஆவியைக் கொடுக்கும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய முப்பத்தெட்டுப் பாகைச் சூடாவது வேண்டும். எஞ்சினுக்குள் நன்றாக ஆவியாக அதைவிடப் பலமடங்கு. குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே உள்ளே போய்ச் சிலிண்டர்ச் சுவரில் வழியும், எரியாது. ஆகவே முதலில் பெற்றோல். "எவ்வளவு பெற்றோல், ஐயா?" "ஒரு மூடி. போத்தல் மூடியாலை ஒரு மூடி. கையிலை கொஞ்சம் கூட இருந்தா ரண்டு." சின்னத் தாங்கி பூட்டாதவர்கள் சேலைன் போத்தலைத் தொங்கவிட்டு அதன் குழாயால் சொட்டுச் சொட்டாகக் கார்பரேற்றருக்குள் விட்டார்களாம். எம்.டி. 90 மோட்டார் சைக்கிள்காரர் சின்னப் பிளாஸ்ரிக் போத்தலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்கள்.

சூடாக்குவதற்கு ஐயா செய்த வழி, மண்ணெண்ணெய் வரும் செப்புக் குழாயைப் புகை வெளியேறும் மனிபோல்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி விடுவது. எண்ணெய் கார்பரேற்றருக்கு வரும்போதே கொதிக்கும் பதத்தில் வரும். அடுத்தது, எஞ்சின் தட்டுவதை நிறுத்த வேண்டும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் பெற்றோலோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. பிளக் பொறி விழுந்த பின், சுவாலை பரவி வந்து சேருமுன்னரே மிச்சக் கலவை அமுக்கத்தில் தானாக வெடிக்கும். அதற்கு இரண்டு மருந்து. டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிப் பொறியைப் பிந்த வைப்பது ஒன்று. ஹெட் கஸ்கெற்றுக்கு மேல் இன்னொரு கஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைப்பது மற்றது. இரண்டாவதற்கு மேலதிகக் கஸ்கெற் வேண்டுமே? பழைய கஸ்கெற்றைத் தட்டி நேராக்கிப் போட்டார்களாம்.

ஏன் பழைய கார்கள் மட்டும் ஓடின என்பதற்கும் இதுவே பதில். சோமசெட் எஞ்சினின் அமுக்க விகிதம் 7.2க்கு 1. ஐம்பதுகளின் தொடக்கத்தில் கிடைத்த பெற்றோலே மட்டமானது என்பதால் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் எல்லாம் அந்த அளவில்தான் வந்தன. இன்று பெற்றோலில் ஓடும் சின்னக் காருக்கு அது பத்தைத் தாண்டிவிட்டது. கணினி வேறு அதைக் காவல் காக்கிறது. இன்னொன்றையும் அண்ணை சொன்னார். பற்றரி இல்லாத காலத்தில் இந்தக் காரின் முன்பக்கத்தில் இரும்பு ஹாண்டிலைச் செருகிக் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணலாம். பொறிக்கு மாத்திரம் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் பற்றரி போதும். எழுபதுகளுக்குப் பின் வந்த ஜப்பான் கார்கள் கொட்டிலில் தூசி பிடித்துக் கிடக்க, பாட்டன் காலத்து ஒஸ்ரின் ஏ-40உம் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸும் வாடகைக்கு ஓடின. ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோனதும் செத்த வீட்டுக்குச் சனத்தை ஏற்றியதும் அவைதான்.

இந்த வித்தை உலகத்துக்கும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் பெர்கியூசன் டி.ஈ.20 உழவு இயந்திரத்தின் ஒரு வகை, 'ட்ராக்டர் ஆவியாகும் எண்ணெய்' என்ற மண்ணெண்ணெய்க் கலவைக்கென்றே விற்கப்பட்டது. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மாறுவது. தாங்கி இரண்டு, பூட்டு ஒன்று. போர்க்காலத்தில் ஐரோப்பா விறகையும் கரியையும் எரித்து வரும் வாயுவில் இலட்சக்கணக்கான வண்டிகளை ஓட்டியது. அதே 1940களில் தமிழ்நாட்டில் பின்பக்கம் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு பஸ்கள் ஓடின. ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். ஐரோப்பாவுக்கு அது பற்றிப் புத்தகங்களும் நூதனசாலைகளும் உண்டு. வன்னிக்கு இந்த ஐயா உண்டு.

புகழ்ந்துகொண்டே போக எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் ஐயாவே புகழவில்லை. "எஞ்சினைக் கொல்லுற வேலை தம்பி இது." எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும். பெயாரிங் தேயும். "ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தா ஒயில் கூடியிருக்கும். சந்தோசப்படக் கூடாது. கூடினது மண்ணெண்ணெய்." பிளக்கில் கரி படியும். வெள்ளைப் புகை கண்ணை எரிக்கும். பின்னால் சைக்கிளில் வருகிறவன் திட்டுவான். இடையில் நிறுத்தினால் எஞ்சின் ஆறிவிடும், மறுபடி ஒரு மூடி பெற்றோல் செலவு. அதனால் சாமான் இறக்கும்வரை, ஆள் ஏறும்வரை எஞ்சினை ஓடவிட்டார்கள். எரிபொருளே இல்லாத ஊரில் எரிபொருளை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருந்தார்கள்! அண்ணையின் சோமசெட் இரண்டு தரம் சிலிண்டர் போர் அடித்து ரிங் மாற்றிய எஞ்சின். பெற்றோல் கிடைத்திருந்தால் ஒருவரும் இந்தச் சித்திரவதையைச் செய்திருக்க மாட்டார்கள். ஆகவே இதைத் 'தமிழரின் கண்டுபிடிப்புத் திறன்' என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. திறன் இருந்தது உண்மை. அதைப் பிதுக்கி எடுத்தது ஒரு தடைப் பட்டியல்.

பட்டியல் என்றதும் ஓமந்தைக்கு வர வேண்டும். 1997 மே மாதம் தொடங்கிய இராணுவத்தின் ஜயசிக்குறு படை நடவடிக்கை இந்த வீதியைத் திறக்கவென்றுதான் தொடங்கியது. திறக்கவில்லை. வீதி திறந்தது 2002 பெப்ரவரி 22இல் அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு ஏப்ரலில். அதன் பிறகு ஓமந்தை என்றாலே சோதனைச் சாவடி. இந்தப் பக்கம் இராணுவம், நடுவில் செஞ்சிலுவைச் சங்கம், அந்தப் பக்கம் புலிகளின் சாவடி. பஸ்ஸை விட்டிறங்கி, பைகளைத் திறந்து காட்டி, நடந்து, மறுபடி ஏறி.

அந்த ஒப்பந்தத்தின் பின்னிணைப்பைப் படித்தவர்கள் குறைவு. சமாதானப் பேச்சைப் பற்றி எழுதியவர்கள் முதல் பக்கங்களோடு நின்றுவிட்டார்கள். பின்னிணைப்பிலோ வாகனத்துக்கு வாரம் எத்தனை லீற்றர் என்ற கணக்கே இருக்கிறது. லொறிக்கும் பஸ்ஸுக்கும் 250 லீற்றர். நாலு சில்லு உழவு இயந்திரத்துக்கு 310. இரண்டு சில்லுக்கு 40. பெற்றோல் வாகனத்துக்கு 30. மோட்டார் சைக்கிளுக்கு 7. இரு தரப்பின் ஒப்பமும் விழுந்த காகிதத்தில் இந்த ஏ-40க்கும் ஒரு வரி இருந்தது. முப்பது லீற்றரில் சோமசெட் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பலாம், அதற்குமேல் இல்லை. ஆனாலும் அண்ணை அந்த வருடம்தான் ரப்பர்க் குழாயைக் கழற்றினார். 'முப்பது லீற்றர்' அவருக்குக் கொண்டாட்டமாகத் தெரிந்ததாம்.

பிறகு 2022 வந்தது. டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. கொழும்பிலிருந்து காலி வரை வரிசை. ஜூலையில் கியூஆர் முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. போர்நிறுத்தக் காலத்து வன்னிக்கு எழுதிக் கொடுத்ததைவிட நாடு முழுவதற்கும் குறைவாகக் கிடைத்தது. தெற்கில் இருந்து ஒரு கராச்காரர் யாரோ சொல்லி ஐயாவுக்குப் போன் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எப்படி என்று கேட்டாராம். "சொல்லிக் குடுத்தனான். பிறகு ஓகஸ்ட்டிலை மண்ணெண்ணெய் விலை 87 ரூபாயிலை இருந்து 340க்கு ஏறிச்சுது. அவர் பேந்து எடுக்கேல்லை." விலை ஏறியதில் அடிபட்டவர்கள் கார்க்காரர் அல்ல, முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கடலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு மண்ணெண்ணெய் மாற்று எரிபொருளே அல்ல, அன்றாடம்.

ஐயா மூன்றாவது பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டித் தந்தார். காசு வாங்கவில்லை. ஓமந்தைப் புகையிரத நிலையத்தைக் கடந்து வடக்கே திரும்பினோம். போரில் பாதை முழுவதும் பிடுங்கப்பட்டு, தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போன பின், இந்திய நிறுவனமான இர்கோன் மறுபடி போட்டது. 2011இல் வண்டி ஓமந்தை வரை வந்தது. யாழ்ப்பாணம் போகவோ 2014 ஒக்ரோபர் ஆயிற்று.

புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். வெயில் ஏறியதும் காருக்குள் சூடு தாங்க முடியவில்லை. முன் கண்ணாடிக்குக் கீழே இருந்த காற்றுத் துவாரத்தைத் திறந்தார் அண்ணை, சூடான காற்றுத்தான் வந்தது. முறிகண்டியில் எல்லா வண்டிகளையும் போல நாங்களும் நின்றோம். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, ஒரு பை கச்சான் வாங்கிக்கொண்டோம். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்றைக் கச்சான் எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்று அண்ணைக்குச் சொன்னேன். தடைக்காலத்தில் தேங்காயெண்ணெய் கலந்து ஓட்டிய லொறிக்காரர்களைத் தனக்குத் தெரியும் என்றார் அவர். "பின்னால போனா வடை சுடுற மணம்."

மாற்று எரிபொருள் என்று இன்று பேசினால் மின்சாரம். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு இலங்கையில் பெற்றோல் முச்சக்கர வண்டிகளை மின்னுக்கு மாற்றும் முயற்சி நடந்தது. மொறிஸ் மைனர் பிறந்த ஒக்ஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் எலெக்ட்ரோஜெனிக் என்ற நிறுவனம் பழைய கார்களின் எஞ்சினை இறக்கிவிட்டு மோட்டாரும் பற்றரியும் பூட்டிக் கொடுக்கிறது. செலவு ஒரு புதுக் காரின் விலைக்கு வரும். தென்னிலங்கையில் தொண்ணூறுகளில் மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களைக் கையால் அடித்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பினார்கள் என்பதும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. அதே ஆண்டுகளில், அதே தீவின் வடக்கில், அதே காருக்கு ஒரு ரிங் செற் எடுக்க முடியாமல் மனிதர் அலைந்தார்கள். அண்ணையிடம் மின்னுக்கு மாற்றுவீர்களா என்று கேட்டேன். "ஹாண்டிலாலை சுத்தி எழுப்பேலாத காரை வைச்சு நான் என்ன செய்ய?" என்றார். ஒரு தலைமுறை முழுக்க இந்தப் பயத்தோடுதான் வண்டி வைத்திருக்கிறது. அதைப் பழைமைவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

மத்தியானத்துக்கு முன் கிளிநொச்சி சேர்ந்தோம். கலியாண வீட்டுப் பொடியள் காருக்குப் பூமாலை கட்டினார்கள், பொனற்றில் சாய்ந்து படம் எடுத்தார்கள். ஒருவரும் பொனற்றைத் திறக்கவில்லை.

வடக்கில் இன்னும் கொட்டில்களில் இப்படிப்பட்ட கார்கள் நிற்கின்றன. பெயின்ற் அடித்து, எஞ்சினைப் புதுசாக்கி, கொழும்புக்கு நல்ல விலைக்கு விற்கிறார்கள். விற்கும்போது முதலில் கழற்றி எறிவது அந்தத் தகரத் தாங்கியையும் சுற்றிய செப்புக் குழாயையும்தான். அசல் அல்ல என்று வாங்குகிறவர் விலை குறைப்பாராம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு கார் நின்றால், விற்பதற்கு முன் அந்தப் பாகங்களைப் படம் எடுத்து வையுங்கள். அதைப் பூட்டிய மெக்கானிக் உயிரோடு இருந்தால் போய் இருந்து கேட்டு எழுதுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கிளிநொச்சியில் ஒரு பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கிற ஒரு மாணவர் இதை ஆய்வாக எடுத்தால் ஓமந்தை அதிக தூரமில்லை. ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது.